கோட்டுக்கு மேலே ஒன்று

பூ இன்னும் விழவில்லை. ஈரம் காயவில்லை, அதனால் விழவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஆத்தா யோசனை செய்கிறாள் என்கிறான் பூசாரி ரங்கப்பன். செய்யட்டும். எனக்குக் கால் மரத்துவிட்டது. நாற்காலி போடட்டுமா என்று அவன் கேட்டபோது வேண்டாம் என்றேன், அது தப்பு, இனிமேல் கேட்கவும் முடியாது. சிமெண்டுத் தரை. பக்கத்தில் குருவாத்தா கண்ணை மூடி, கையைக்கூடக் கூப்பாமல் மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே கருவறைக்குள் ஆத்தா. ஆத்தாவின் இரண்டு தோளிலும் தோளுக்கொரு செவ்வரளி, தண்ணீரில் நனைத்து ஒட்டியது. வலது பூ முதலில் விழுந்தால் குருவாத்தா ஆப்பரேஷனுக்குப் படுப்பாள். இடது பூ முதலில் விழுந்தால் படுக்கமாட்டாள். அவள் நெஞ்சுக்குள் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டே வருகிறது, திறந்து மாற்றவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆத்தாவிடம் பூ கேட்காமல் நான் படுக்கமாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. என்னைக் கட்டிக்கொள்வதற்கே சொல்லவில்லை. ஆத்தாவுக்கு வலது என்றால் பார்க்கிற நமக்கு இடது, முதலில் அதிலேயே குழம்பினேன். இப்போது குழப்பம் இல்லை. விளக்கு எரிகிற பக்கம் வலது. சரி என்கிற பக்கம். அந்தப் பூவின் ஒரு இதழ் லேசாக மடங்கியிருக்கிறது. மடங்கியிருக்கிறதா, விளக்கு ஆடுகிறதா. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். விளக்குதான் ஆடுகிறது.

இதில் கணக்கு என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. ஒரு கோடு போடு. நடக்கக்கூடியது மொத்தம் எத்தனை, அதைக் கோட்டுக்குக் கீழே எழுது. அதில் உனக்கு வேண்டியது எத்தனை, அதைக் கோட்டுக்கு மேலே எழுது. வகு. முடிந்தது. பகடைக்கு ஆறு முகம், அஞ்சு விழவேண்டுமென்றால் ஆறில் ஒன்று. இரட்டைப்படை விழவேண்டுமென்றால் ஆறில் மூன்று, அதாவது பாதி. நடக்கவே நடக்காது என்றால் மேலே பூஜ்யம். நடந்தே தீரும் என்றால் மேலும் கீழும் ஒன்றே. இந்தப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில்தான் உலகத்தில் உள்ள எல்லாமும் கிடக்கிறது. மில்லில் நான் வாங்கிய சம்பளம் முழுக்க இந்த ஒரு கோட்டுக்குத்தான். நூல் சுற்றிய கோன்கள் மலைமாதிரி குவிந்திருக்கும். எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. கைக்கு வந்ததைக் கொஞ்சம் எடுப்பேன், அதில் எத்தனை பழுது என்று பார்ப்பேன், மேலே பழுது, கீழே எடுத்தது, வகு, அதை வைத்து மொத்தக் குவியலையும் பாஸ் பண்ணுவதா தள்ளுவதா என்று கையெழுத்துப் போடுவேன். ஒருத்தன் முகத்தையும் பார்த்துப் போட்டதில்லை. அந்தப் பழக்கம்தான் காலையில் காரில் வாயைத் திறக்க வைத்தது. இரண்டு பூ, அதில் ஒன்று, பாதிக்குப் பாதி, இதற்கு எதற்கு இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுக்கொண்டு, வீட்டிலேயே ஒரு காசைச் சுண்டியிருக்கலாமே என்றேன். ஓட்டிக்கொண்டிருந்த மகள் சாந்தாமணி கண்ணாடி வழியாக என்னை முறைத்தாள். குருவாத்தா ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"காசுக்கு என்னைப் பத்தி என்னங்க தெரியும்?"

சாந்தாமணி வண்டியை வேகப்படுத்தினாள். சோளக்காடு போனது, காற்றாடிகள் போயின, வெள்ளை றெக்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டு, ஒன்று நின்றுகொண்டு. காசுக்கு ஒன்றும் தெரியாது. அதுதானே காசின் நேர்மை. மில் கேண்டீனில் ஆறுச்சாமி என்று ஒருவன், டீக்குக் காசு சுண்டுவான், தோற்றவன் எல்லோருக்கும் வாங்கித் தரவேண்டும். தொடர்ந்து தோற்பான். தோற்கத் தோற்க அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். இத்தனை தடவை எனக்கு எதிராக விழுந்துவிட்டது, இனி என் பக்கம்தான் விழுந்தாகவேண்டும் என்பான். மடையா, காசுக்கு ஞாபகம் கிடையாது என்பேன். முன்னால் விழுந்தது பின்னால் விழுவதற்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அது புதுக்காசு. கெட்டது ஒருமுறை வந்துபோனதால் அடுத்தது நல்லது என்று எவன் சொன்னாலும் அவனை என் பக்கத்தில் வைத்துக்கொள்ளமாட்டேன். அவன் சிரிப்பான், மறுபடி சுண்டுவான். காசு மேலே போய்ச் சுற்றும், கேண்டீன் ஜன்னல் வெயில் அதில் பட்டு மின்னும், அந்த ஒரு நொடி தலையும் இல்லை பூவும் இல்லை, வெறும் மின்னல். எனக்கு அந்த நொடி பிடிக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது இந்தக் கோயிலும் அந்த நொடிக்குள்தான் இருக்கிறது. காசு மேலே போய்விட்டது. கீழே வர மறுக்கிறது. மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, சாம்பிராணிப் புகைக்குள், எண்ணெய் வாசத்துக்குள், குருவாத்தாவின் மூச்சுக்குப் பக்கத்தில். அவள் மூச்சு கேட்கிறது. முன்பெல்லாம் கேட்காது. இப்போது சீட்டி மாதிரி மெல்லிசாக ஒன்று கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. மாடிப்படியில் பாதியில் நின்று தொட்டிச் செடியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். செடி நன்றாக இருக்கிறது என்பாள். செடிக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கும். மூச்சுக்குத்தான் நிற்கிறாள். அது எனக்குப் புரிய இரண்டு மழைக்காலம் ஆயிற்று. கோனைப் பார்த்த கண்.

டாக்டர் சின்ன வயசு. என்னைப் பார்த்துப் பேசினார், இவளைப் பார்க்கவில்லை. இந்த வயசில் இந்த ஆப்பரேஷனுக்கு நூறு பேர் படுத்தால் தொண்ணூறு பேர் நடந்து வீட்டுக்குப் போவார்கள் என்றார். படுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சாந்தாமணி கேட்டாள். படுக்காதவர்களில் பாதிப் பேர் இரண்டு வருஷம் தாண்டுவதில்லை என்றார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கோடு போட்டேன், மேலே தொண்ணூறு, கீழே நூறு. இன்னொரு கோடு, மேலே ஒன்று, கீழே இரண்டு. எது பெரியது என்று பார்க்க மில்லில் முப்பது வருஷம் வேண்டியதில்லை. சரிங்க, தேதி குடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் குருவாத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ரேஷன் கடையில் கேட்கிற மாதிரி, தணிந்த குரலில் கேட்டாள். "அந்தப் பத்துப் பேரு யாருங்க?" டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதில் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அப்படி முன்னாடியே சொல்ல முடியாதும்மா என்றார். இவள் தலையை ஆட்டினாள், சொல்ல முடியாதுதான் என்பதுபோல. ஆனால் எனக்கு அந்த இடத்தில் சிக்கிக்கொண்டது. இன்றுவரை சிக்கிக்கொண்டிருக்கிறது. நூறில் பத்து பழுது என்றால் மில்லில் அது ஒரு லாட், ஒரு குவியல். தள்ளினாலும் பாஸ் பண்ணினாலும் மறுநாள் இன்னொரு லாட் வரும். எனக்கு நூறு குருவாத்தா இல்லை. ஒன்றுதான். கோட்டுக்குக் கீழே ஒன்று. கோட்டுக்கு மேலே ஒன்றா பூஜ்யமா. தொண்ணூறு குருவாத்தா நடந்து வீட்டுக்கு வந்து பத்துக் குருவாத்தா வராமல் இருக்கமாட்டார்கள். வந்தால் முழுசாக வருவாள், இல்லாவிட்டால் முழுசாக வரமாட்டாள். அப்புறம் அந்தத் தொண்ணூறை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. கணக்கு தப்பில்லை. கணக்கு என் வீட்டைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். டாக்டர் படம் போட்டுக் காட்டினார், நெஞ்சுக்குழியிலிருந்து மேலே ஒரு கோடு, இங்கே திறப்போம் என்று. அதுவும் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் படுக்கவைத்துப் பார்த்தால் கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே.

பூசாரி உள்ளே போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினான். ஊற்றும்போது பூவைப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாதாம். வெளியே வந்து, என்னுங் மில்லுக்காரரே, ஆத்தா மேல கண்ண வெக்காம கொஞ்சம் மனச வெய்யுங்க, நீங்க மொறைக்கற மொறைப்புல ரெண்டு பூவும் ஒட்டிக்கிச்சு என்றான். சாந்தாமணி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் வெளியே வேப்பமரத்தடியில் ஆஸ்பத்திரிக்காரர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். காலையில் அபிஷேகம் நடக்கும்போது பார்த்துவிட்டேன். ஆத்தாவின் தலையில் ஊற்றிய பால் இரண்டு பக்கமும் சமமாக இறங்கவில்லை. வலது தோள் வழியாகத்தான் அதிகம் ஓடியது. மறுபடி தண்ணீர் ஊற்றினான், அதுவும் அப்படியே. சிலை சாய்ந்திருக்கிறது. ஒரு நூல்தான், ஆனால் சாய்ந்திருக்கிறது. பழைய கல், அடியில் மண் இறங்கியிருக்கும். காரில் நான் சொன்ன பாதிக்குப் பாதி தப்பு. இரண்டு பக்கம் இருக்கிறது என்பதால் ஆளுக்குப் பாதி என்று ஆகிவிடாது. நாளைக்கு மழை வரும் அல்லது வராது, இரண்டில் ஒன்று, ஆகவே பாதி என்று சொல்லுகிறவனை நான் மில் கேட்டுக்குள்ளேயே விடமாட்டேன், நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் சமமான வாய்ப்பு இருந்தால்தான் எண்ணி வகுக்கலாம். இல்லாவிட்டால் எண்ணக்கூடாது, பார்க்கவேண்டும். நடந்ததைப் பார்க்கவேண்டும். பார்த்தேன். தெரிந்தவர்கள் யார் யார் இங்கே பூ கேட்டார்கள் என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்தேன். பெரியப்பா மகன் கிணறு வெட்டக் கேட்டான், வலது. சாந்தாமணிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இவள் அண்ணன் கேட்டான், வலது. பங்காளி ஒருத்தன் கோழிப்பண்ணைக்குக் கேட்டான், வலது, பண்ணை நொடித்துப்போனது, அது வேறு. என் அம்மா என் கல்யாணத்துக்குக் கேட்டாள். இந்தப் பெண்ணைக் கட்டலாமா என்று, இதே தரையில் உட்கார்ந்து. வலது. நான் ஷிப்டில் இருந்தேன், சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ஆத்தா குடுத்துட்டாடா என்றாள். யாரை என்றேன். பேர் சொன்னாள். அவ்வளவுதான் என் பெண் பார்த்தல். கல் அந்தப் பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்ததால் எனக்குக் குருவாத்தா. மறுபக்கம் சாய்ந்திருந்தால் வேறு யாரோ இன்று என் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, அல்லது வாங்காமல். அந்த வேறு யாரோவை யோசித்துப் பார்த்தேன். முகம் வரவில்லை. கோட்டுக்குக் கீழே ஊரில் உள்ள எல்லாப் பெண்களையும் போட்டாலும் கோட்டுக்கு மேலே இவள் முகம்தான் வருகிறது. இது கணக்கு இல்லை. தூக்கம்.

தூங்கினேனா என்று தெரியாது. மில்லுக்குள் இருந்தேன். நூல் அறுபடாமல் இருக்க மில்லுக்குள் எந்நேரமும் ஈரக்காற்று விடுவார்கள், பஞ்சுத்தூசி அதில் மிதக்கும், விளக்கைச் சுற்றி வெள்ளையாக, விழாமல், விழ மனமில்லாமல். மெஷின்கள் ஓடுகின்றன, சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு பெண், பச்சைத் துணி போர்த்தி, தலைமாட்டில் கோன் மாதிரி வெள்ளையாகச் சுற்றிய கொண்டை. நூறு பேர் என்று எண்ணாமலே தெரிந்தது. என் கையில் சாம்பிள் பை. கைக்கு வந்ததை எடு, முகத்தைப் பார்க்காதே என்று யாரோ சொன்னார்கள், என் குரல்தான். பத்து எடுக்கவேண்டும். நான் நடக்கிறேன், தரை ஈரமாக இருக்கிறது, ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் மூச்சு கேட்கிறது, எல்லா மூச்சும் சீராக இருக்கிறது, எதிலும் சீட்டி இல்லை, அந்தச் சீட்டி எங்கே என்று தேடுகிறேன், அது கேட்டால் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போய்விடலாம், எடுக்காமல் போய்விடலாம், ஒரே ஒரு கட்டிலை மட்டும் விட்டுவிட்டு மற்ற எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வேன், ஆறுச்சாமியின் மனைவியைக்கூட, டாக்டரின் அம்மாவைக்கூட, கூச்சமே இல்லாமல் அப்படி நினைக்கிறேன், ஆனால் பஞ்சு காதை அடைக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சு சிவப்பாக மாறுகிறது, அரளி இதழ், ஒன்று மெதுவாகத் திரும்பித் திரும்பி இறங்கி வருகிறது, எந்தக் கட்டில் மேல் விழப்போகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறேன், கழுத்து வலிக்கிறது.

கழுத்து வலித்து விழித்தேன். தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. உடனே பூவைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. உபயம் என்று பேர் எழுதிய ஃபேன் ஒன்று மூலையில் கர்ரென்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அதை எழுந்து போய் ஆத்தாவின் வலது தோளுக்கு நேராகத் திருப்பினால் என்ன என்று ஒரு நினைப்பு. அரை நிமிஷ வேலை. ஈரம் காயும், பூ விழும், எல்லோரும் கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எழப் பார்த்தேன், கால் வரவில்லை. ஃபேனுக்குத் தப்பித்தோம் என்று ஆத்தா நினைத்திருப்பாள். சாந்தாமணி உள்ளே வந்து என் பக்கத்தில் குனிந்தாள். ஆஸ்பத்திரியில் தேதியைப் பிடித்து வைக்கமாட்டேன் என்கிறார்களாம், இன்றைக்கு மதியத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம், அப்புறம் அடுத்து எப்போது என்று சொல்ல முடியாதாம். அம்மாவுக்குக் கேட்கவேண்டாம் என்று என் காதில்தான் சொன்னாள், ஆனால் அவளுக்கு மெல்லப் பேச வராது, என் ரத்தம். விழலைன்னா என்னங்ப்பா பண்றது என்றாள். விழாமலே இருப்பது. அது ஒன்று இருக்கிறதே. கோட்டுக்குக் கீழே நான் அதைப் போடவே இல்லை. இரண்டும் சேர்ந்து விழுவது ஒன்று. பல்லி ஓடித் தட்டிவிடுவது ஒன்று. கீழே எழுத எழுத இடம் போதவில்லை, மேலே மட்டும் அதே ஒன்று. வெளியே போய் இரு, பார்க்கலாம் என்றேன். போகவில்லை. தூணில் சாய்ந்து நின்றுகொண்டு போனையும் பூவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்போது குருவாத்தா கண்ணைத் திறக்காமலே என் பக்கம் சாய்ந்தாள்.

"பயப்படாதீங்க. இந்த ஆத்தா எப்பவும் சோத்தாங்கைப் பக்கந்தான் குடுப்பா. வேண்டாம்னு பதில் வேணுங்கறவங்க ஆத்தங்கரைக் கோயிலுக்குப் போவாங்க."

நான் அவளைப் பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது. வாயோரத்தில் மட்டும் ஏதோ. சிலை சாய்ந்திருப்பது உனக்குத் தெரியுமா என்றேன். சாய்ஞ்சிருக்குதோ என்னமோ, ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும், உங்கம்மாளுக்கும் தெரியும் என்றாள். காலையிலிருந்து நான் ஒருத்தன் மட்டும் கண்டுபிடித்ததாக மடியில் கட்டிக்கொண்டிருந்த ரகசியம். மில்லுக்காரன் கண். ஊருக்கே தெரிந்திருக்கிறது. சரி கேட்கிறவர்கள் இங்கே வருகிறார்கள், வேண்டாம் கேட்கிறவர்கள் அங்கே போகிறார்கள், முடிவு பண்ணிவிட்டுத்தான் கோயிலைப் பொறுக்குகிறார்கள். என் அம்மாவும் இவளைப் பார்த்து முடிவு பண்ணிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறாள். குருவாத்தாவும் டாக்டர் அறையிலேயே முடிவு பண்ணிவிட்டாள். படுப்பது என்று. அப்புறம் எதற்கு இங்கே. தனியாகப் படுக்கப் பயம். அந்தப் பத்துப் பேர் யார் என்று கேட்டதற்கு நான் ஏதாவது சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டாளோ. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கணக்கு வேண்டாம், போ, நான் இருக்கிறேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பேசாததால் கல்லிடம் வந்திருக்கிறாள். தப்பாமல் சரி சொல்லுகிற கல்லாகப் பார்த்து. அவள் கை தரையில் இருந்தது, என் கைக்குப் பக்கத்தில். விரல் நுனி நீலம் பாரித்திருந்தது. பூசாரி தூணுக்கு அந்தப் பக்கம் கொட்டாவி விட்டான். வெளியே வேப்பமரத்தில் கிளி. ஃபேன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தது, விளக்கு ஆடவில்லை. புகைகூட நேராக நின்றது. எல்லாம் நேராக நின்ற அந்த நேரத்தில், மிக மெதுவாக, யாரோ யோசித்து எடுத்து வைப்பதுபோல, ஒரு பூ தோளை விட்டு நழுவி, ஆத்தாவின் மடி மடிப்பில் ஒருமுறை தங்கி, பீடத்தில் விழுந்தது. சத்தமே இல்லை. விளக்கு இல்லாத பக்கம். நான் இரண்டு தடவை பார்த்தேன். விளக்கு இல்லாத பக்கம்தான். இடது.

குருவாத்தா கண்ணைத் திறந்துவிட்டாள், பூ விழுந்த சத்தம் கேட்ட மாதிரி. பூசாரி வாசற்படிவரை போய் எட்டிப் பார்த்து, நின்று, அவன் முகமும் விழுந்துவிட்டது, இங்க இப்பிடிக் குடுத்து நான் பார்த்ததில்லீங் என்றான், எங்கப்பன் காலத்துலயும் கேள்விப்பட்டதில்லீங் என்றான். அந்த வாயை அப்போதாவது மூடியிருக்கலாம். சாந்தாமணி இன்னொரு தடவை வைக்கச் சொல்லுங்க என்று கெஞ்சினாள். ஒரே நாளில் இரண்டு தடவை கேட்கக்கூடாது, அடுத்த அமாவாசைக்கு வாருங்கள் என்றான். வலது பூ அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஏன் என்று இப்போது தெரிந்தது. அந்தத் தோளில் சந்தனம் கொஞ்சம் தடிமனாக அப்பியிருந்தது, காலையில் யாரோ ஒருவர் வேண்டுதலுக்குச் சாத்தியது, விளக்குச் சூட்டில் அது காய்ந்து பூவைப் பசை மாதிரி பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. காரணம் எப்போதும் இருக்கிறது, விழுந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இதை இவளிடம் சொன்னால் சரி என்பாள், சரி என்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். சந்தனத்தைச் சாத்தவைத்தது யார் என்பாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையைப் பார்த்ததே இல்லை. நூறில் ஒருத்திக்குக்கூட வராத பூ எனக்கு வந்ததே, அப்போ அந்தப் பத்தில் நான்தானே என்று அந்தப் பார்வை கேட்டது. வாயால் கேட்கவில்லை. மூச்சில் அந்தச் சீட்டி வேகமாக வந்தது. அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது, நனைந்த பூ மாதிரி. கோயிலில், பூசாரி முன்னால், மகள் முன்னால். பிடித்துக்கொண்டு, என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்க, சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. உனக்கு வரவேண்டிய கெட்டது இங்கயே வந்து தீந்துருச்சு. இனி அங்க வராது."

அவள் இமைக்காமல் பார்த்தாள். சந்தையில் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அப்படி.

"கணக்கு அப்பிடிங்களா?"

ஆறுச்சாமி காசைச் சுண்டினான். அது மேலே போய் வெயிலில் மின்னியது. காசுக்கு ஞாபகம் கிடையாது. பூவுக்குக் கிடையாது, கத்திக்குக் கிடையாது, வால்வுக்குக் கிடையாது. இங்கே விழுந்ததை அங்கே யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அங்கே கோடு புதிதாகத்தான் போடுவார்கள், கீழே நூறு, மேலே தொண்ணூறு, ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

"கணக்கு அப்பிடித்தான்" என்றேன்.

சாந்தாமணி எம்.எஸ்ஸி. படித்தவள், வாயைத் திறந்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டாள். குருவாத்தா கொஞ்ச நேரம் ஆத்தாவைப் பார்த்தாள், ஒட்டிக்கொண்டிருந்த அந்த வலது பூவைப் பார்த்தாள், அப்புறம் நீங்க பொய் சொல்ல மாட்டீங்க என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். தரையில் கையூன்றி எழப் பார்த்தாள், நான் எழாமல் அவள் எழ முடியாது, அவள் எழாமல் நானும் முடியாது, மகள் வந்து இரண்டு பேரையும் தூக்கிவிட்டாள். போன் போட்டுச் சொல்லு சாமி, நாங்க வர்றோம்னு என்றாள் குருவாத்தா மகளிடம். வாசலுக்கு நடந்தோம். அவள் பாதியில் நின்று வேப்பமரத்தைப் பார்த்தாள். நல்லா இருக்குது என்றாள். நானும் நின்றேன். நானும் பார்த்தேன். மில்லில் இருந்தவரை பழுதென்று தெரிந்து ஒரு கோனைக்கூட நான் பாஸ் பண்ணியதில்லை. இன்றைக்கு ஒரு பழுதுக் கணக்கைப் பண்ணினேன். கையை இன்னும் விடவில்லை.